கணித மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ராமானுஜன் பிறந்தநாளான டிசம்பர் 22 அன்று புள்ளிக்கோலப் போட்டி நன்றாக நடந்தது.

நம் மன்றத்தின் சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில், 42-இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டேன். பாதிப் பேர் 35 என்று எழுதினார்கள். ஏழில் இரண்டு போக ஐந்து, நாலில் ஒன்று போக மூன்று. 'கடன் வாங்கு' என்பது எல்லோருக்கும் மனப்பாடம். யாரிடம், எதை வாங்குகிறோம் என்பதுதான் தெரியவில்லை. அப்புறம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். நாலு கட்டு, ரெண்டு உதிரி. பதினேழை எடுக்கச் சொன்னால் கை தானாகவே ஒரு கட்டைப் பிரிக்கிறது. ஒரு சிறுமி, "கடன் இல்ல சார், இது நம்ம குச்சிதானே" என்றாள். அன்றிலிருந்து நானும் 'கட்டைப் பிரி' என்றுதான் சொல்கிறேன்.

வாய்ப்பாட்டை விட்டுவிட்டு விளையாட்டுக் காட்டுவதாகச் சிலர் குறைப்பட்டார்கள். வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மூவெட்டு 24 என்றால் எட்டெட்டாக மூன்று வரிசை என்று தெரிந்தபின் ஒப்பிக்கட்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-லேயே செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் முறை, வந்துவிட்டது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் நிலை பார்த்துக் கற்பிக்கிறார்கள். வீட்டில் நாம் மட்டும் இன்னும் "எத்தனை கணக்குப் போட்டாய்?" என்றே கேட்கிறோம்.

முதல் சனிக்கிழமை ஒன்பது உறுப்பினர்கள் வந்தார்கள். ஆடி மாதத்துக்குள் நானும் பொருளாளரும்தான் மிச்சம். 38 பேரில் சந்தா கட்டியவர்கள் 15 பேர். மாதம் இருபது ரூபாய்தான். வீடு வீடாகப் போய்க் கேட்டேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

வரவு செலவு, கைக்காசு கொஞ்சம் போட்டதையும் சேர்த்து, சரிக்கட்டிவிட்டது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

வகுப்பறை தந்த தலைமையாசிரியருக்கும், கோலப்போட்டிக்குப் பந்தல் போட்டுத் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பின்னம் தொடங்க வேண்டும். காகிதத்தைப் பாதியாக, காலாக மடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகளை என் ஒருவனால் அப்படிப் பார்க்க முடியவில்லை. ஐந்து பேர் வந்தால் போதும். பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை, காலை 10 மணி. காகிதம் வாங்கி வைத்துவிட்டேன்.

செயலாளர்