நிலவின் மறுபக்கத்தில் இரைச்சல் வேண்டாம்

2027 உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசவிருக்கும் தொலைத்தொடர்புத் துறையினருக்கும் இஸ்ரோவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

உலக நாடுகள் கூடி அலைக்கற்றை விதிகளை வகுக்கும் மாநாடு அது. நிலவின் தரையிலும் சுற்றுப்பாதையிலும் தகவல்தொடர்புக்கு எந்தெந்த அலைக்கற்றைகளை ஒதுக்குவது என்ற விவாதம் அதன் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நிலவுக்கு அடுத்து யார் போவார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம்; போனவர்கள் எந்த அலைவரிசையில் பேசுவார்கள் என்பது பொதுமக்கள் காதுக்கு எட்டுவதே இல்லை. நான் நீலகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிப்பவன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: நிலவின் மறுபக்கத்தை வானொலி இரைச்சலிலிருந்து காக்க வேண்டும் என்று வாதாடும் நாடுகளில் இந்தியா முதல் வரிசையில் நிற்க வேண்டும்.

நிலவு எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறது. மறுபக்கத்தில் நின்றால் பூமி ஒருபோதும் உதிக்காது. இடையில் ஏறக்குறைய 3,475 கிலோமீட்டர் விட்டமுள்ள பாறை. நம் பண்பலை வானொலி, தொலைக்காட்சி, ரேடார், கைப்பேசிக் கோபுரம், தலைக்கு மேல் சுற்றும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் என அத்தனையின் இரைச்சலையும் அந்தப் பாறை தடுத்து நிறுத்துகிறது. இது வெறும் ஊகம் அல்ல. 1973-இல் நாசா நிலவுக்கு அனுப்பிய வானொலி ஆய்வுச் செயற்கைக்கோள் ஒவ்வொரு முறை நிலவுக்குப் பின்னால் போனபோதும், பூமியின் இரைச்சல் சட்டென்று அறுந்து விழுந்ததை அதன் கருவி பதிவு செய்தது. அங்கே இரவு இரண்டு வாரம் நீளும். அந்த இரண்டு வாரமும் சூரியனின் இரைச்சலும் கிடையாது. மனிதர் எட்டக்கூடிய தொலைவில் இப்படி ஓர் இடம் வேறு இல்லை.

அங்கே எதைக் கேட்கப் போகிறோம்? பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பிறகு பிரபஞ்சம் குளிர்ந்து, ஹைட்ரஜன் வாயு உருவானது. முதல் விண்மீன் எரியத் தொடங்கப் பல கோடி ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட அந்தக் காலத்தை வானியலாளர்கள் இருண்ட காலம் என்கிறார்கள். ஒளி தரும் பொருள் எதுவும் இல்லாததால் எந்தக் கண்ணாடித் தொலைநோக்கிக்கும் அது எட்டாது. ஆனால் ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் தன் தடயத்தை விட்டிருக்கிறது. பிரபஞ்சம் விரிய விரிய அந்த அலையும் நீண்டு, இன்று பல மீட்டர் நீள அலையாக, 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வந்து சேர்கிறது. நம் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அந்த அலைகளை வளைத்துக் குலைக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் கதவையே சாத்திவிடுகிறது. மிஞ்சி உள்ளே வருவதும் நம் இரைச்சலில் மூழ்கிப் போகிறது.

இந்தக் கஷ்டம் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தெரியாததல்ல. பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சரஸ்-3 என்ற கருவியைக் கர்நாடகத்தில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். தரையில் வைத்தால் அடியிலுள்ள மண்ணும் பாறையும் ஒரே சீராக இல்லாமல் அளவீட்டைக் கெடுக்கும், தண்ணீர் சீரானது. நடு நீரில் ஒரு மிதவை, அதன்மேல் ஓர் ஆண்டெனா, சுற்றிலும் ஆள் அரவமில்லாத பரப்பு. முதல் விண்மீன்களின் தடயத்தைக் கண்டதாக ஆஸ்திரேலியாவில் கருவி வைத்திருந்த ஒரு குழு 2018-இல் அறிவித்ததை, இந்த மிதவையில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 2022-இல் நம்மவர்கள் மறுத்தார்கள். அடுத்ததாக, நிலவைச் சுற்றிச் சென்று மறுபக்கத்தில் கேட்கும் பிரதுஷ் என்ற கருவியைத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஏரி வரை தேடிப்போய்விட்டார்கள். பூமியில் அவர்கள் இனி எங்கே போவது?

நிலவைத் திரையாக்கி வானைக் கேட்பதில் இந்தியாவுக்கு அரை நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதைக் கட்டியதன் முதல் நோக்கமே, வானொலி அலைகளை உமிழும் தொலைதூர வான்பொருள்களான வானொலி மூலங்களை நிலவு கடந்து மறைக்கும் நொடியை அளப்பதுதான். நிலவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், சமிக்ஞை மறையும் விதத்தை வைத்து அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கணக்கிடலாம். உதகை ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. அதே அளவு சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப்பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அமைத்தார்கள். வானம் நகர நகர, ஒரே அச்சில் திருப்பினால் போதும். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனால் முதலில் அவர்களுக்கு ஏமாற்றம்தான்: “கிண்ணம் எங்கே சார்?” என்பார்கள். வரிசையாக நிற்கும் 24 இரும்புச் சட்டங்களையும், அவற்றில் இழுத்துக் கட்டிய, பக்கத்தில் போனால்தான் கண்ணுக்குத் தெரியும் மெல்லிய எஃகுக் கம்பிகளையும் காட்டி விளக்கிய பிறகு ஒருவரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். 1970-இல் இயங்கத் தொடங்கிய இது, பிரபஞ்சம் என்றும் மாறாதது என்ற கருத்துக்கு எதிராக, பெருவெடிப்புக்கு ஆதரவான சான்றுகளைத் தந்தது. இந்த வரலாற்றை உடைய நாடு மாநாட்டில் வாய்மூடி இருக்கக் கூடாது.

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த மாநாட்டை நடத்தும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 22-ஆவது பிரிவு, நிலவின் மறைவுப் பகுதியில், அதாவது பூமியின் அலைகள் எட்டாத மறுபக்கத்தில், வானொலி வானியலுக்குக் கேடான ஒலிபரப்பைப் பொதுவாகத் தடைசெய்கிறது. சில பணிகளுக்கு விலக்கும் தருகிறது. அங்கே யாரும் போகாத காலத்தில் எழுதிய விதி அது. 2019 ஜனவரியில் சீனாவின் சாங்'இ-4 மறுபக்கத்தில் இறங்கியது. 2024-இல் சாங்'இ-6 அங்கிருந்து மண்ணும் கல்லுமாக 1,935 கிராம் எடுத்து வந்தது. மகத்தான சாதனைகள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே இறங்கும் எந்தக் கலமும் பூமியுடன் நேரடியாகப் பேச முடியாது. இடையில் தகவலை வாங்கி அனுப்பும் ஓர் அஞ்சல் செயற்கைக்கோள் தேவை. ஆகவே போகிற ஒவ்வொருவரும் ஒலிபரப்பியைச் சுமந்துகொண்டுதான் போவார்கள்.

வேண்டுமென்றே அனுப்பும் சமிக்ஞையை விட எனக்கு அதிகக் கவலை தருவது கசிவு. ஐரோப்பாவின் லோஃபார் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களைக் கவனித்தவர்கள், அவற்றுக்கு ஒதுக்கப்படாத 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அவற்றின் மின்னணுச் சுற்றுகள் கசியவிடும் அலைகளைப் பதிவு செய்து 2023-இல் வெளியிட்டார்கள். அந்த நிறுவனம் எந்த விதியையும் மீறவில்லை. இத்தகைய கசிவைத் தடுக்கும் விதியே இல்லை. அதே வகை மின்னணுச் சுற்றுகள் நிலவுக்கும் போகும். அலைக்கற்றை அட்டவணையை எவ்வளவு கவனமாக எழுதினாலும், கசிவுக்கு வரம்பு வைக்காவிட்டால் பயன் இல்லை.

விண்வெளி வீரர்களின் உயிர் முக்கியம் இல்லையா என்று கேட்பீர்கள். அதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ஆபத்துக் கால அழைப்புக்கு எந்தத் தடையும் வேண்டாம். அன்றாடத் தகவல் போக்குவரத்துக்கோ வேறு வழிகள் உள்ளன. மிக உயர்ந்த அலைவரிசைகள் இருக்கின்றன. நிலவிலிருந்து பூமிக்கு லேசர் ஒளி மூலம் நொடிக்கு 622 மெகாபிட் வேகத்தில் தகவல் அனுப்ப முடியும் என்று 2013-லேயே நாசா செய்துகாட்டிவிட்டது.

சிரமம் நமக்கும் இருக்கும் என்பதை மறைக்கவில்லை. 2019 முதல் சந்திரயான்-2 சுற்றுக்கலன் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2040-க்குள் இந்தியரை நிலவில் இறக்குவது நம் இலக்கு. மற்றவர்களிடம் கேட்கும் ஒழுங்கை முதலில் நம் கலங்களில் நாமே கடைப்பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கான செலவை ஏற்பது நியாயமே என்று நினைக்கிறேன்.

எதிர்கால நிலவை வரையச் சொன்னால் என் மாணவர்கள் கண்ணாடிக் கூண்டுகள், சுரங்கங்கள், ரயில்கள் எல்லாம் வரைகிறார்கள். அறிவியல் புனைகதைகளும் பெரும்பாலும் அப்படித்தான், காலியாக ஓர் அங்குலம் விடுவதில்லை. ஒன்றையும் கட்டாமல் விட்டுவைத்த இடமும் எதிர்காலக் கனவில் சேரும் என்று அவர்களிடம் சொல்கிறேன். பின்னாளில் ஒலிபரப்பிகளை அணைத்தால் அமைதி திரும்பிவிடுமே என்றான் ஒரு மாணவன். இயற்பியல்படி அவன் சொன்னது சரி. ஆனால் உரிமமும் முதலீடும் பிழைப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகு யார் அணைப்பார்கள்?

ஆகவே கேட்கிறேன். மறைவுப் பகுதிக்கான தடையைத் தளர்த்தும் எந்த ஒதுக்கீட்டையும் இந்தியா எதிர்க்கட்டும். நிலவைச் சுற்றும் கலங்கள் மறுபக்கத்தைக் கடக்கும்போது, அவசரம் இல்லாத ஒலிபரப்பை நிறுத்திவைக்கும் நடைமுறையை முன்மொழியட்டும். மின்னணுக் கசிவுக்கு அளவிடத்தக்க வரம்பு கோரட்டும். மறுபக்கத்தின் நடுப்பகுதிக்கு அருகே இருக்கும் டீடலஸ் பள்ளத்தை வானொலி வானியலுக்கென்றே ஒதுக்கவேண்டும் என்று வானியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கும் ஆதரவு தாருங்கள். நம் நிலைப்பாட்டை இறுதி செய்வதற்கு முன், உதகையிலும், புணே மாவட்டத்துக் கோடத் கிராமத்தில் 30 கிண்ணங்களுடன் இயங்கும் வானொலித் தொலைநோக்கியிலும், பெங்களூருவிலும் இந்த அலைகளோடு மல்லுக்கட்டும் விஞ்ஞானிகளை அழைத்து உங்கள் மேசையில் உட்காரவையுங்கள். அந்த நிலைப்பாட்டின் வரைவைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியிட்டு, மக்களின் கருத்தையும் கேளுங்கள். என் மாணவர்கள் எழுதி அனுப்பக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நீலகிரியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்