கரையிலிருந்து இறங்கும் பயணத்தையே எடு

தேவனாம்பட்டினம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பயணத் திட்டங்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கப்பல், தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு பகல், அந்தப் பகலுக்குள் பிள்ளைகளுக்குக் கடலடியில் மீன் காட்ட வேண்டும். எதற்குப் பணம் கட்டுவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவதை எடு. புக்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோரல் ஐலண்ட் என்ற சின்னத் தீவுக்குப் போய், கரையிலிருந்தே தண்ணீருக்குள் இறங்கும் அரை நாள் பயணம். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் எழுதுகிறேன்.

கடலைப் பற்றி எனக்குத் தெரியும், ஆனால் ஸ்நார்கெலிங், அதாவது முகத்தில் மாஸ்க்கும் வாயில் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது, எனக்குப் பழக்கமில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் புதுச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறான், தாய்லாந்திலும் ஒரு சீசன் இருந்துவிட்டு வந்தவன். அவனை வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்துக் கேட்டேன். கீழே எழுதியிருப்பதில் பாதி அவன் சொன்னது.

முதலில் காலம். டிசம்பர் என்றதும் அம்மா பயந்துவிட்டாள். நம் பக்கம் அப்போது வாடைக்காற்று, கடல் கொந்தளிக்கும், தண்ணீர் ஒரே கலங்கல். ஆனால் அந்தக் காற்று நமக்குக் கடல் மேலிருந்து வருகிறது, புக்கெட்டின் மேற்குக் கரைக்கு நிலத்தைத் தாண்டி வருகிறது. அதனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே பெரும்பாலும் கடல் அமைதி, தண்ணீரும் தெளிவு. மே முதல் அக்டோபர் வரைதான் அங்கே மோசம். 2018 ஜூலை 5ஆம் தேதி பீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே புயல் காற்றில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். காலநிலை எச்சரிக்கை இருந்தும் கடலுக்குப் போன படகு அது. நீங்கள் போவது நல்ல பருவம், சரி. ஆனாலும் அன்று காலை படகுக்காரர் "இன்று வேண்டாம்" என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்தான் நல்ல படகுக்காரர்.

முதல் திட்டம், ஃபி ஃபி தீவுகள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அதில்தான் மனசு என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் விசைப்படகில் போக மட்டும் ஒரு மணி நேரம் ஆகும், வரவும் அதே அளவு. வேகமாகப் போகும் படகின் முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களை அதில் ஏற்றவே கூடாது, சம்பந்தியம்மாவுக்கு இடுப்பு என்ன பாடு படும் என்று யோசி. இன்னொன்று, அந்தப் பயணத்தின் பெரிய கவர்ச்சியே அங்குள்ள மாயா பே என்ற சின்ன வளைகுடா. கூட்டம் தாங்காமல் பவளப்பாறை கெட்டுப்போய் 2018 ஜூனில் அதை மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் அங்கே நீந்த விடுவதில்லை, கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். மீன் பார்ப்பதோ நடுக்கடலில், படகிலிருந்து ஆழத்தில் குதித்து. பெரியவன் குதித்துவிடுவான். சின்னவள்? காலுக்கு அடியில் எதுவும் இல்லை என்று தெரிந்த நொடியில் குழாயைத் துப்பிவிட்டுக் கத்துவாள், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கடல் பக்கம் வரமாட்டாள். அவளை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெரியவனை வைத்து அல்ல.

கோரல் ஐலண்டுக்குச் சலோங் படகுத்துறையிலிருந்து கால் மணி, இருபது நிமிடம்தான். அங்கே மணலில் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்கலாம். பயந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். மணலில் மட்டும் நிற்கச் சொல், பவளத்தின் மேல் கால் படக் கூடாது. அது உயிருள்ளது, ஒரு மிதியில் உடைந்தால் திரும்ப வளர வருஷங்கள் ஆகும். கடல் முள்ளெலி என்கிற கறுப்பு முள் உருண்டைகளும் அந்த இடுக்குகளில்தான் இருக்கும், குத்தினால் முள் உள்ளேயே உடைந்துவிடும். கூட்டம் அதிகம், பவளமும் ஃபி ஃபி அளவுக்கு இருக்காது என்று பையன் சொன்னான். இருக்கட்டும். முதல் முறை பார்க்கிற பிள்ளைக்கு ஒரு கிளிமீன், கோடு போட்ட நாலு சின்ன மீன் போதும். மிதவைக் கயிறு கட்டிய பகுதியைத் தாண்டாதீர்கள், வெளியே வேகப்படகுகள் ஓடும். ரொட்டி போட்டு மீனை அழைக்க யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். பவளத்தின் மேல் படரும் பாசியைத் தின்று சுத்தம் செய்கிற மீன்கள் ரொட்டிக்குப் பழகிவிட்டால் பாசி பவளத்தை மூடிவிடும்.

மூன்றாவது திட்டம், கரையில் இறங்கியதும் பேரம் பேசி மலிவாகப் போவது, அதை மறந்துவிடு. பெரிய கப்பல்கள் புக்கெட்டின் படோங் கடற்கரையில் கரையில் ஒட்டாமல் தள்ளித்தான் நங்கூரம் போடும், சின்னப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அதற்கு வரிசையில் நிற்பதிலேயே நேரம் போகும். இன்னொரு பெரிய விஷயம்: சிங்கப்பூர் நேரம் தாய்லாந்து நேரத்தைவிட ஒரு மணி முன்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கப்பலில் ஐந்து மணி ஆகும்போது கரையில் உன் போன் நாலு என்று காட்டும். எந்த நேரம் என்று கப்பலில் கேட்டு, மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைக்கச் சொல், போனை நம்ப வேண்டாம். கப்பல்காரர்களே நடத்தும் பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியாளோடு போய்த் தாமதமானால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். விலை கூடத்தான், ஆனால் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பெரியவரையும் வைத்துக்கொண்டு அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதே.

மாஸ்க்கை அங்கே கொடுப்பதை நம்பாமல் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரிலேயே வாங்கு. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சிழுக்கச் சொல். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. ஒரு முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் புகும், மாப்பிள்ளையின் மீசையும் அப்படித்தான், மூக்குக்குக் கீழே ஒட்டக் கத்தரித்துக்கொள்ளட்டும். முகம் முழுவதையும் மூடும் வகை பிள்ளைகளுக்கு வேண்டாம். வெளியே விட்ட மூச்சு உள்ளேயே தங்கிவிடலாம், அவசரத்துக்குக் குழாயைத் துப்புவதுபோல அதைக் கழற்றவும் முடியாது. சின்னவளின் லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே போகும் பட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் மேலே ஏறி முகத்தை மறைக்கும். முழுக்கை நீச்சல் சட்டை போடு. முதுகு வெந்து போகாது, சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டாலும் காக்கும். சன்ஸ்கிரீன் வாங்கினால் ஆக்ஸிபென்சோன் இல்லாததாகப் பார். பவளத்துக்குக் கேடு என்று தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் அதற்குத் தடை.

இதை மட்டும் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. ஸ்நார்கெலிங் செய்கிறவர் முகம் குப்புற, அசையாமல் மிதப்பார். மூச்சுத் திணறிப் போனவரும் அப்படியேதான் மிதப்பார். கையை ஆட்டிக் கூப்பிடமாட்டார், சத்தமும் வராது. அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். அப்பா மீன் பார்க்கிறார், அம்மா போட்டோ எடுக்கிறாள் என்று இருந்துவிடக் கூடாது. பெரியவன் நீச்சல் குளத்தில் எத்தனை சுற்று போனாலும் சரி, குளத்தில் நீரோட்டம் கிடையாது. சம்பந்தியம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் குழாய் வழியாக மூச்சு விடும் சிரமம் அவருக்கு வேண்டாம், குடை நிழலில் உட்காரட்டும்.

நீ எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன். 2004 சுனாமிக்கு அப்புறம் நீ முழங்கால் அளவுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. அன்று காலையில் நம் தெருவுக்குள் வந்த அதே கடல்தான் படோங்கிலும் ஏறியது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் மூன்று திட்டத்திலும் யார் தண்ணீரில் இறங்குவது என்ற இடத்தில் உன் பெயரே இல்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். இப்போது அங்கே எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, மேட்டுக்குப் போகும் வழிப் பலகைகள் இருக்கின்றன, இங்கே ஹைதராபாத்தில் 2007 முதல் இந்தியப் பெருங்கடலுக்கே ஒரு மையம் இருபத்து நாலு மணி நேரமும் கவனிக்கிறது. நீ உன் மாமியாரோடு கரையில் இருந்தால், சின்னவளோடு மாப்பிள்ளை, பெரியவனோடு ஒரு வழிகாட்டி என்று கேட்டு வாங்கிக்கொள். நீயே சின்னவளின் கையைப் பிடித்து இறங்கினாயானால் எனக்கு அதைவிட வேறு சந்தோஷம் இல்லை. இத்தனை வருஷம் கடலில் வலை போட்டும், கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவரும் வண்டலில் நம் கடலின் உள்ளே நான் ஒருநாளும் எதையும் பார்த்ததில்லை. மீனை வலையில் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். அது நீந்துவதை என் பேத்தி பார்க்கட்டும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேள்: சின்னவள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, தண்ணீருக்குள் கூட வரும் வழிகாட்டி எத்தனை பேருக்கு ஒருவர், காற்று மாறி ரத்தானால் பணம் திரும்ப வருமா. பதில் வந்ததும் எனக்கும் அனுப்பு, பையனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். மாஸ்க்கை இந்த வாரமே வாங்கி, உங்கள் அடுக்குமாடிக் குளத்தில் சின்னவளுக்குத் தினமும் கொஞ்ச நேரம் பழக்கு.

இப்படிக்கு,
அப்பா