ஃபிராங்க்கின் தலையும் கவிராயரின் நோட்டுப் புத்தகமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பியிருந்த தட்டச்சுப் பிரதியும் வந்து சேர்ந்தன. நம் கவிராயர் அக்கா வீட்டு மாடியில் நலமாக இருக்கிறார், மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார், அருகிலுள்ள அரிசி மண்டிக்குக் கணக்கு எழுதித் தருகிறார் என்று நீ எழுதியிருந்த நான்கு வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியில் நாம் வைத்த அந்தப் பட்டப்பெயருக்கு அவர் இன்றும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தி. இங்கே சொல்லும்படியாகப் புதிதாக ஒன்றுமில்லை. மகள் வேலை மாறியிருக்கிறாள், என் முழங்கால் வலி மாறவில்லை.

அவருடைய கவிதைகளைத் தொகுத்து வெளியிட வேண்டும் என்ற உன் விருப்பத்துக்கு நான் முழுமனதாக உடன்படுகிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னால் நீ எழுதி வைத்திருக்கும் முன்னுரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதை நேராகச் சொல்லத் தொடங்கினால் நம் பழைய வழக்கப்படி சண்டையில்தான் முடியும் என்பதால், அண்மையில் இரண்டாம் முறையாகப் பார்த்த ஒரு திரைப்படத்தின் வழியாகச் சொல்ல முயல்கிறேன். 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபிராங்க்’ என்ற படம் அது. அயர்லாந்தைச் சேர்ந்த லென்னி ஆப்ரஹாம்சன் இயக்கியது. பெரிய நிறுவனங்களின் கணக்குக்குள் அடங்காத, சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட படம். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் என்னும் புகழ்பெற்ற நடிகரை அழைத்துவந்து, படத்தின் பெரும்பகுதி முழுவதும் அவருடைய முகத்தை ஒரு பெரிய உருண்டைப் பொம்மைத் தலைக்குள் மறைத்து வைக்கும் துணிச்சல் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

கதை எளிது. இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் அலுவலக வேலை பார்க்கும் ஜான் என்ற இளைஞனுக்குப் பாடல் எழுத வேண்டும் என்று தீராத ஆசை. தெருவில் நடக்கும்போது கண்ணில் படுபவர்களையும் பொருள்களையும் எல்லாம் வரிகளாக்கிப் பார்க்கிறான், ஒன்றும் ஒட்டுவதில்லை. ஒருநாள் கடலில் மூழ்கிச் சாக முயலும் ஒருவரைக் கரைக்கு இழுத்து வருவதைக் காண்கிறான். அவர் ஒரு இசைக்குழுவின் கீபோர்டு கலைஞர். பக்கத்தில் நிற்கும் குழுவின் மேலாளர் டான், ஜானுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்று அறிந்ததும், சி, எஃப், ஜி ஆகிய மூன்று கார்டுகளை, அதாவது ஸ்வரக்கூட்டுகளை, வாசிக்க முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்று இரவே அவனை மேடையேற்றிவிடுகிறார். குழுவின் பாடகர்தான் ஃபிராங்க்; பொம்மைத் தலையை மேடையில் மட்டுமல்ல, தூங்கும்போதும் கழற்றாதவர். பிறகு எல்லாரும் அயர்லாந்தில் ஓர் ஏரிக்கரை மரவீட்டில் அடைந்துகிடந்து இசைத்தொகுப்பு ஒன்றை உருவாக்கப் பாடுபடுகிறார்கள். செலவுக்கு ஜானின் சேமிப்பு கரைகிறது.

இந்த ஏரிக்கரைப் பகுதிதான் படத்தின் உயிர். தலைக்குள்ளிருந்து தன் முகபாவம் தெரியாது என்பதால், ‘இப்போது வரவேற்கும் புன்னகை’ என்பது போலத் தன் பாவங்களை வாயால் சொல்லிக் காட்டுகிறார் ஃபிராங்க். கம்பளத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரேயொரு நூல்கொத்தைப் பார்த்து அந்தக் கணமே ஒரு பாடல் கட்டுகிறார். வாடகைக் காலம் முடிந்து வீட்டைக் கேட்டு வந்து நிற்கும் ஜெர்மானியக் குடும்பத்திடம் அவர்கள் மொழியிலேயே பேசி, அந்த அம்மாளின் மனத்தை உருக்கி அனுப்பிவைக்கிறார். நடிகர்களே வாத்தியங்களைக் கற்று வாசிக்க, பாடல்களை அவர்கள் நடிக்கும்போதே பதிவு செய்திருக்கிறார்கள்; ஸ்டீபன் ரென்னிக்ஸ் அமைத்த இசை கரடுமுரடாகவும், அதே நேரத்தில் காதைவிட்டு அகலாததாகவும் இருக்கிறது. கோமாளித்தனம் என்று முதலில் தோன்றுகிற ஒவ்வொன்றிலும் ஒரு மரியாதை இருப்பதை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். அந்த வீட்டில் யாரும் ஃபிராங்க்கிடம் ‘ஏன் இந்தத் தலை’ என்று கேட்பதில்லை. ஜான் ஒருவன்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று குடைந்துகொண்டே இருக்கிறான்.

நான் உன்னிடம் சொல்ல வருவதும் இந்த ஜானைப் பற்றித்தான். அவன் கெட்டவன் அல்லன். கனிவானவன், கூச்சமுள்ளவன், நண்பனின் மேதைமையை உலகம் அறியவேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவன். டான் ஒரு காலத்தில் மனநல மருத்துவமனையில் இருந்தவர், ஃபிராங்க்கை அங்கேதான் சந்தித்தார் என்று தெரிந்ததும் அவனுக்கு இரக்கம் வருவதற்கு முன்பே பொறாமை வந்துவிடுகிறது: துயரமான இளமை, மனநோய் என்று இப்படிப்பட்ட ஊற்றுகளுக்கு நான் எங்கே போவேன் என்று ஏங்குகிறான். யாருக்கும் சொல்லாமல் ஒத்திகைகளைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகிறான். பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஏற, குழு எங்கே போக வேண்டும் என்பதை அவனே முடிவு செய்யத் தொடங்குகிறான். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் இசை விழாவுக்கு அழைப்பு வருகிறது. அதற்குள் டான், ஃபிராங்க்கின் தலைகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு தூக்கில் தொங்கிவிடுகிறார். அந்தச் சாவை அரைக்கேலியாகக் கடந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை. படத்தில் எனக்குக் குறையென்று பட்டவற்றில் அதுவே முதலாவது. அமெரிக்கப் பகுதி அவசரமாக ஓடுவது இரண்டாவது.

ஆஸ்டினுக்குப் போனபின் ஃபிராங்க் ‘எல்லாருக்கும் பிடிக்கும்படி’ ஒரு பாட்டு எழுதுகிறார். விளம்பரப் பலகைகளிலிருந்து உதிர்ந்தவை போன்ற சொற்களைக் கோத்த, உள்ளீடற்ற பாட்டு. நோய் இல்லாமல் இருந்தால் எப்படி எழுதுவார் என்பதற்கு அது எடுத்துக்காட்டு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கப்படும் எந்தக் கலைஞனும் அப்படித்தான் எழுதுவான். மேடையில் அவர் நிலைகுலைந்து விழுகிறார். பிறகு ஒரு மோட்டல் அறையில் ஜான் அந்தத் தலையை வலுக்கட்டாயமாகக் கழற்றப் பார்க்க, ஃபிராங்க் வெளியே ஓடி ஒரு காரில் மோதிக் காணாமல் போகிறார்.

கடைசியில் கான்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பெற்றோர் வீட்டில் ஃபிராங்க்கை ஜான் கண்டுபிடிக்கிறான். பொம்மைத் தலை இல்லை, அது உரசி உரசித் தலைமுடி உதிர்ந்து தழும்பேறிய நெற்றியோடு, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிற ஓர் எளிய மனிதர். அவருக்கு என்ன நேர்ந்தது என்று ஜான் கேட்கிறான். பெரிய இரகசியம் ஒன்று வெளிவரும் என்று நாமும் சேர்ந்து காத்திருக்கிறோம். எதுவும் நேரவில்லை, மகனுக்கு மனநோய் இருக்கிறது, அவ்வளவுதான் என்று பெற்றோர் சொல்கிறார்கள். அத்தனை வேதனைதானே அந்த இசையைத் தந்தது என்று அவன் விடாமல் பேச, இல்லை, பிள்ளைக்குச் சிறுவயது முதலே இசை வந்தது, நோய் ஏதாவது செய்ததென்றால் அவனைத் தாமதப்படுத்தியது, அவ்வளவே என்ற பொருளில் பதில் வருகிறது. குரலை உயர்த்தாமல், காப்பி பரிமாறும் தொனியில் அந்தப் பதில் சொல்லப்படுவதனால்தான் அது அப்படித் தைக்கிறது.

உன் முன்னுரையின் மூன்றாம் பக்கத்தை இப்போது எடுத்துப் படித்துப் பார். ‘அந்த நோய் இல்லையென்றால் இந்தக் கவிதைகள் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையா? அவருடைய நீல அட்டை நோட்டுப் புத்தகத்தை நாம் இருவரும்தான் முதலில் படித்தோம். நல்ல கவிதைகள் எல்லாம் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எழுதப்பட்டவை. ஆற்றுப்பாலம், அம்மாவின் கண்ணாடி, மழைக்கால மெஸ் மூன்றும் அப்போதே வந்துவிட்டன. குரல்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, அந்த இரண்டு ஆண்டுகளில், பக்கம் பக்கமாக ஒரே வரி அடித்து அடித்து எழுதப்பட்டிருந்ததை நீயும் பார்த்தாய். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பின் மெதுவாகச் சில கவிதைகள் வந்தன. அவை அமைதியானவை, நீ அவற்றைத் தொகுப்பின் கடைசியில் ஒதுக்கி வைத்திருக்கிறாய். நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் நோய். அந்த வெற்றிடத்துக்கு நீ கிரீடம் சூட்டப் பார்க்கிறாய் என்பதே என் வருத்தம்.

இந்தப் படத்துக்குப் பின்னணியில் மூன்று மெய்யான மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொம்மைத் தலை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த கிறிஸ் சீவி என்ற கலைஞருடையது. ஃபிராங்க் சைட்பாட்டம் என்ற பெயரில் அதை மாட்டிக்கொண்டு மேடைகளில் வேடிக்கை காட்டியவர். படத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜான் ரான்சன் 1980களின் பிற்பகுதியில் அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்தவர். மூன்று கார்டு கேள்வி அவருடைய வாழ்விலேயே நடந்தது. சீவி மனநோயாளி அல்லர். 2010இல் அவர் புற்றுநோயால் இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் பணமில்லை. ரான்சன் வேண்டுகோள் விடுக்க, சில நாட்களுக்குள் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்த நட்பைப் பற்றியே ஒரு படம் எடுத்திருக்கலாம். ரான்சனோ பீட்டர் ஸ்ட்ராகனுடன் சேர்ந்து, சீவியின் வாழ்க்கையை விட்டுவிட்டு, தலையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொரு மனிதரைக் கற்பனை செய்தார். அந்த விலகலே ஒரு நண்பர் செய்யக்கூடிய மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாமவர் கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற அமெரிக்க இசைக்கலைஞர். 1969இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்புக்காகத் தன் குழுவினரை லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரே வீட்டில் மாதக்கணக்கில் அடைத்து வைத்துப் பயிற்சி கொடுத்தவர் அவர். ஏரிக்கரை வீட்டின் சாயல் அங்கிருந்து வந்தது. மூன்றாமவரான டேனியல் ஜான்ஸ்டன்தான் நம் பேச்சுக்கு மிக அருகில் இருப்பவர். ஆஸ்டின் நகரில் தன் பாடல்களைக் கேசட்டில் பதிந்து, தெருவில் காண்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு திரிந்தவர். 1990இல் அங்கே ஒரு நிகழ்ச்சி முடித்துத் தந்தை ஓட்டிய சிறு விமானத்தில் திரும்பும்போது, நோயின் உச்சத்தில் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். தந்தை மரங்களின் மேல் விமானத்தை இறக்கி இருவர் உயிரையும் காப்பாற்றினார். மருத்துவமனைகளில் கழிந்த காலம் போக, டெக்சசின் வாலர் என்ற சிற்றூரில் பெற்றோரின் கவனிப்பில் அவர் வாழ்ந்தார்; 2019இல் இறந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் விமானக் கதையில்தான் தொடங்குகிறார்கள். நானும் இப்போது அதையே செய்திருக்கிறேன், பார். மருந்துச் சீட்டையும் சாப்பாட்டு நேரத்தையும் கவனித்துக்கொண்டிருந்த வயதான பெற்றோரின் நாட்களில் சொல்வதற்குச் சுவையான கதை இல்லை.

படத்தில் அந்த இடத்தில் நிற்பவள் குழுவில் வாசிக்கும் கிளாரா. மேகி ஜில்லன்ஹால் நடித்திருக்கிறார். எப்போதும் சிடுசிடுப்பு, ஜானைக் கத்தியால் குத்தும் அளவுக்குக் கோபம். முதல்முறை பார்த்தபோது இவளை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஃபிராங்க்கைப் பெரிய கூட்டத்தின் முன் நிறுத்தினால் உடைந்துவிடுவார் என்று தொடக்கம் முதல் சொல்லி வருபவள் அவள் ஒருத்திதான். இறுதிக் காட்சியில் வெறிச்சோடிய மதுக்கடை ஒன்றில் அவளும் குழுவின் மற்ற இருவரும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். தலையில்லாத ஃபிராங்க் உள்ளே வந்து, அங்கே கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொன்றாக முணுமுணுக்கத் தொடங்குகிறார். கிளாரா எதுவும் கேட்பதில்லை. அவருடைய சுருதியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், அது பாட்டாகிவிடுகிறது. கண்ணில் பட்டதைப் பாட்டாக்குவது ஜான் முதல் காட்சியில் செய்த அதே வேலைதான் என்பதைக் கவனித்தாயா? அவனுக்குத் தெருவில் இருந்தவை எல்லாம் சரக்கு. ஃபிராங்க் அந்த அறையில் இருப்பவர்களோடு பேச வேண்டியிருந்ததால் பாடுகிறார். ஜான் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடுகிறான். அவன் செய்த உதவிகளிலேயே பெரியது அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு விலகியதுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. முன்னுரையை அப்படியே எடுத்துவிடு. கவிதைகளை எழுதிய வரிசையிலேயே வை. கடைசியில் ஒதுக்கியவற்றை ஒதுக்காதே. மருத்துவமனை, சங்கிலி, அவருடைய தம்பி பட்ட பாடு என்று நீ உருக்கமாக எழுதியிருப்பவை எல்லாம் அவர் குடும்பத்துச் செய்திகள். அவற்றை அச்சேற்ற நம் இருவருக்கும் உரிமை இல்லை. தன்னைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டும் என்று அவருக்கே தோன்றினால், அரைப்பக்கம் ஆனாலும் அவரே எழுதட்டும். வேண்டாம் என்றால் பெயரும் ஊரும் போதும். ‘இது விற்காது’ என்று நீ சொல்வது காதில் விழுகிறது. விற்காவிட்டால் போகட்டும், அச்சுச் செலவில் பாதி என்னுடையது.

இன்னும் ஒன்று. தொகுப்பு வரப்போவது அவருக்குத் தெரியுமா என்று உன் கடிதத்தில் எங்கும் இல்லை. அடுத்த முறை போகும்போது தட்டச்சுப் பிரதியைக் கையில் கொடுத்து, எவற்றை நீக்கலாம் என்று அவரிடமே கேள். பென்சிலும் கொண்டுபோ, மண்டிக் கணக்குப் பேனாவால் திருத்தினால் உன்னால் படிக்க முடியாது. தை பிறந்ததும் நானும் வருகிறேன், மூவரும் உட்கார்ந்து பிழை திருத்தலாம். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்