அம்மாச்சி வீட்டுக் கோடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடைச் சிறப்பிதழில் வாசகர்கள் எழுதியிருந்த பள்ளி விடுமுறை நினைவுகளை ஒன்று விடாமல் படித்தேன். நுங்கும் பம்பரமும் கிட்டிப்புள்ளும் ஏறக்குறைய எல்லோர் எழுத்திலும் இருந்தன. அந்த விடுமுறையை நமக்கு நடத்திக் கொடுத்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் எவரும் எழுதாதது மனத்தை உறுத்தியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1970களில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மாயவரத்தில் தரங்கம்பாடி ரயில் ஏறுவோம். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர் என்று நின்று நின்று போகும் அந்த மீட்டர்கேஜ் வண்டியில், கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே திருக்கடையூரில் இறங்குவோம். 1926இல் தொடங்கிய அந்த ரயில் 1986இல் நின்றுபோனது எங்கள் பக்கத்து மக்களுக்கு இன்றும் ஆறாத குறை. அம்மாச்சி வீட்டில் பெரியம்மா, சித்தி, மாமா பிள்ளைகள் என்று ஒரு வேளைக்கு இருபது இலையாவது விழும். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வரும் வரை வயலில் வேலை இராது என்பதால் ஆண்களுக்கு அது திண்ணையில் ஓய்ந்திருக்கும் காலம். பெண்களுக்கோ ஆண்டிலேயே வேலை மிகுந்த காலம்.

தாளிப்பு வடகத்தை மட்டும் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தை மலைபோல் குவித்து உரித்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடி வைப்பார்கள். காலையில் உருண்டை பிடித்துக் காயவைத்து, மாலையில் உதிர்த்து மீண்டும் பிசைந்து, மறுநாள் மறுபடியும் உருட்டி, இப்படியே பல நாள் சென்ற பிறகு விளக்கெண்ணெய் தடவிப் பானையில் சேர்ப்பார்கள். கறுப்புக் குடையை விரித்து வைத்துக் காக்கை ஓட்டியது மட்டுமே பிள்ளைகளாகிய எங்கள் பங்கு. அக்கினி நட்சத்திர வெயிலில் பாய்க்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்த அம்மாச்சியின் விரல்களில் வெங்காயச் சாற்றின் மஞ்சள் கறை மாதம் முழுவதும் போகாது.

பிறந்த வீட்டுக்கு வந்த என் அம்மாவும் மறுநாளே அடுப்படிக்குள் போய்விடுவார். ஆனாலும், அந்த நாள்களில் அவர் சிரித்ததைப் போல எங்கள் வீட்டில் ஒருபோதும் சிரித்ததில்லை. இரவில் பிள்ளைகளுக்கு நிலாச்சோறு உருட்டிப் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, அக்கா தங்கைகள் முற்றத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் எட்டிப் பார்த்தால் விரட்டி விடுவார்கள். அவர்களுக்கு அந்தக் கோடை சுமையாக இருந்ததா, அல்லது ஆண்டு முழுவதும் காத்திருந்து பெற்ற நாள்களாக இருந்ததா என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. கேட்பதற்கு இன்று அம்மாச்சியும் இல்லை, அம்மாவும் இல்லை.

அக்காலத்தில் அந்த வீடுகளுக்கு இளம் மருமகள்களாக வந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த கோடைச் சிறப்பிதழின் பக்கங்களை அவர்களுக்கு ஒதுக்குமாறும், எழுத இயலாதவர்களிடம் தங்கள் செய்தியாளர்கள் நேரில் சென்று கேட்டு எழுதுமாறும் அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை