செயலாளர் அறிக்கை: 2024 பருவகாலம்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், இந்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

மெல்பேர்ணின் மேற்குப் புறநகர்களில் வாழும், 'ஃபூட்டி' எனப்படும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் புல்டோக்ஸ் கழகத்தின் தமிழ் ஆதரவாளர்களாகிய நமது சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை இங்கே சமர்ப்பிக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார்.

முதலில் ஒரு துயரம். நமது மூத்த உறுப்பினர், எல்லோரும் 'பெரியய்யா' என்று கூப்பிட்டவர், ஜூலை மாதம் நம்மை விட்டுப் பிரிந்தார். 1980களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஃபுட்ஸ்கிறேயில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். அந்நாளைய முன்வரிசை வீரர் சைமன் பீஸ்லி கோல் அடித்ததை நேரில் பார்த்த கதையை அவரிடம் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. 1989இல், அன்று ஃபுட்ஸ்கிறே என்ற பெயரில் இருந்த நமது கழகத்தை ஃபிற்ஸ்றோய்க் கழகத்தோடு இணைத்துவிடும் திட்டம் வந்தபோது, தெருவில் உண்டியல் குலுக்கிக் கழகத்தைக் காப்பாற்றிய சனத்தில் அவரும் ஒருவர். அந்த வாரச் சம்பளத்தில் வாடகைக்கு வைத்ததைத் தவிர மிச்சத்தைப் போட்டுவிட்டதாகச் சொல்வார். இன்று நமக்கு ஆதரிக்க ஒரு கழகம் இருப்பது அப்படிப்பட்டவர்களால்தான். அவர் குடும்பத்தினருக்கு நமது அனுதாபத்தைத் தெரிவித்துள்ளோம். சன்ஷைன் நோர்த் முருகன் கோயிலில் நடந்த ஆத்மசாந்திப் பூசையில் உறுப்பினர்கள் பலர் கலந்துகொண்டார்கள்.

பருவகாலத்தைப் பற்றிச் சுருக்கமாக. நம் அணி 14 வெற்றி, 9 தோல்வியுடன் 6ஆம் இடத்தில் முடித்தது. ஹோதோர்னுக்கும் அதே 14 வெற்றிதான், அடித்த புள்ளிகளுக்கும் விட்டுக்கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள விகிதாசாரத்தில் நாம் ஒரு படி மேல். ஆனால் செப்ரெம்பர் 6ஆம் திகதி எம்சிஜி மைதானத்தில், இறுதிச் சுற்றுகளின் முதல் வாரத்திலேயே, அதே ஹோதோர்ன் 37 புள்ளிகளால் நம்மைத் தோற்கடித்து வெளியே அனுப்பியது. கிண்ணத்தைப் பிறிஸ்பேன் எடுத்தது. இதற்கு மேல் அந்த மாதத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இனி, இந்த ஆண்டு நமது மாதாந்தக் கூட்டங்களின் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வருகிறேன். கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால், 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு மாதமும் ஒரே பெயர்தான் இருக்கிறது: நம் அணியின் இளம் முன்வரிசை வீரர் சாம் டார்சி.

புதிய உறுப்பினர்களுக்காகச் சில வரிகள். சாம் 2003இல் பிறந்தவர், உயரம் 208 சென்றிமீற்றர். பாட்டன் டேவிட் டார்சி ஃபுட்ஸ்கிறேக்கு ஆடியவர். தகப்பன் லூக் டார்சி நம் கழகத்துக்கு 226 ஆட்டங்கள் ஆடிய ரக் வீரர் (நடுவர் மேலே எறியும் பந்துக்கு எழும்பி மோதுபவர்), அணித் தலைவராகவும் இருந்தவர். தகப்பன் ஒரு கழகத்துக்கு 100 ஆட்டமாவது ஆடியிருந்தால் மகனை எடுக்கும் முன்னுரிமை அந்தக் கழகத்துக்கு உண்டு. கழகங்கள் முறை வைத்து இளம் வீரர்களை எடுக்கும் 2021ஆம் ஆண்டுத் தெரிவில் ஜிடபிள்யூஎஸ் கழகம் அவரைக் கேட்டபோது, நம் கழகம் அதற்கு ஈடான தெரிவுப் புள்ளிகளைக் கொடுத்து இரண்டாவது தெரிவாக எடுத்துக்கொண்டது. 2022இல் முதன்முதலாக மேல்மட்டத்தில் ஆடியது பின்வரிசையில். முன்வரிசையில் நிலையாக நின்று ஒரு முழுப் பருவகாலம் ஆடியது இந்த 2024இல்தான்.

சர்ச்சை ஏப்ரல் மாதக் கூட்டத்தில் தொடங்கியது. உபதலைவர் அண்ணை எழும்பி, "இவ்வளவு உயரமான பெடியன் வாற பந்தெல்லாம் பிடிக்க வேண்டாமோ? கையிலை பட்டுப் பட்டு விழுகுதே!" என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நம் கழகத்தின் கிறிஸ் கிராண்ற் 1990இல் 17 வயதில் வந்து முதல் பருவகாலத்திலேயே 51 கோல் அடித்ததை அவர் ஆதாரமாக வைத்தார். பெரியய்யா அன்று சக்கர நாற்காலியில் வந்திருந்தார். "கிராண்ற் மாதிரி நூறு வருசத்திலை ஒருத்தன் வருவான். மற்றவையைத் தடியாலை அடிச்சுப் பழுக்க வைக்கேலாது தம்பி" என்றார். அன்று கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மண்டபம் பூட்டும் நேரமாகியும் ஒருவரும் எழும்பவில்லை.

இந்தக் கேள்வி உண்மையில் மார்க் என்றால் என்ன என்ற கேள்வி. குறைந்தது 15 மீற்றர் தூரம் உதைபட்டு, இடையில் யார் கையும் படாமல் வரும் பந்தைப் பிடித்தால் அது மார்க். பிடித்தவரை யாரும் தொட முடியாது, நின்று நிதானமாக அடிக்கலாம். சட்டம் இவ்வளவுதான். ஆனால் நம்மில் அநேகர் கிறிக்கெற் பார்த்து வளர்ந்தவர்கள். கிறிக்கெற்றில் பந்து வரும்போது கை அதோடு சேர்ந்து பின்னுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தெறித்துவிடும். ஃபூட்டியில் கை பந்தைத் தேடி முன்னுக்குப் போக வேண்டும். முகத்துக்கு முன்னால், தலைக்கு மேலே, விரல்கள் விரிந்து, இரண்டு பெருவிரலும் பந்தின் பின்னால் நெருங்கி நின்று அதை நிறுத்த வேண்டும். நெஞ்சில் வாங்கலாம் என்று காத்திருந்தால், பின்னால் நிற்பவரின் கைமுட்டி அதற்குள் வந்து பந்தைக் குத்தித் தள்ளிவிடும். சாமிடம் நாம் கண்ட முதல் நல்ல குணம் இது. பந்து கையிலிருந்து நழுவிய நாட்களிலும் அவர் கையை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுபோகவில்லை, எட்டக்கூடிய உச்சத்திலேயே போய்த் தொட்டார். நழுவும் பழக்கத்தைத் திருத்தலாம். மடங்கும் பழக்கத்தைத் திருத்துவது மிகவும் கடினம்.

மே மாதக் கூட்டத்தில் பேசியவர் ஊரில் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டம் ஆடிய ஓர் அக்கா. ஃபூட்டி பற்றி அதற்கு முன் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. தர்ஜினி சிவலிங்கத்தின் உயரமும் 208 சென்றிமீற்றர்தான் என்பதை அவர்தான் நமக்கு நினைவூட்டினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இலங்கை அணிக்காக உலகக் கிண்ணங்களில் கோல் குவித்தவர், இங்கே மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ற் ஃபால்கன்ஸ் அணிக்கும் ஆடியவர். "தர்ஜினிக்கு மேலாலை பந்தைப் போட்டால் ஒருத்தராலையும் தொடேலாது. ஏனெண்டால் வலைப்பந்திலை ஆளை இடிக்கக் கூடாது, பந்து வைச்சிருக்கிறவவுக்கு மூண்டு அடி தள்ளித்தான் நிக்க வேணும். இந்தப் பெடியனுக்குப் பந்து வர முதலே இடி வந்திடுதே" என்றார். மண்டபமே அமைதியாகிவிட்டது. ஓராண்டு விவாதத்தில் இதைவிடத் தெளிவான வார்த்தையை நான் கேட்கவில்லை. உயரம் கையை மேலே கொண்டுபோகும், ஆனால் இடுப்பை நிலைநிறுத்தாது. 208 சென்றிமீற்றர் ஒல்லி உடம்பை, அதைவிடக் குள்ளமான, பாரமான தடுப்பாளர் இடுப்பால் ஒரு அடி நகர்த்தினாலே போதும், பந்து விழும் இடம் மாறிவிடும். அந்த உடம்பு திரள்வதற்கு ஜிம்மும் சாப்பாடும் மட்டுமல்ல, ஆண்டுகளும் வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நிர்வாகசபை ஒரு முடிவெடுத்தது. நாம் பார்க்கும் ஆட்டங்களில் சாமின் பக்கம் வரும் ஒவ்வொரு உயரப் பந்தையும் மூன்று வகையாக எழுதிக்கொள்வது: பிடித்தது, எதிரி கைக்குப் போனது, ஒருவருக்கும் இல்லாமல் தரையில் விழுந்தது. மூன்றாவது வகையைச் சேர்த்தது நான் வற்புறுத்தியதால். உயரமான முன்வரிசை வீரரின் வேலையில் பாதி, தான் பிடிக்க முடியாத பந்தை எதிரியும் பிடிக்காமல் பார்ப்பது. அப்படித் தரையில் சிந்தும் பந்தைப் பொறுக்கிக் கோலடிக்கத்தான் குட்டி முன்வரிசை வீரர்கள் காத்து நிற்கிறார்கள். தொலைக்காட்சியில் இந்தப் பந்துகள் பதிவில் ஏறாது. மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

உபதலைவர் அண்ணையே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். இதை நான் மனமார மெச்சுகிறேன். பருவகாலத்தின் நடுப்பகுதிக்குள், எதிரி கைக்குப் போனது என்ற நிரலில் அவர் எழுத வேண்டி வந்தது மிகக் குறைவு. ஆரன் நோட்டனும் ஜமாரா யூகிள்-ஹேகனும் சாமும் முன்வரிசையில் மூவராக நிற்கும்போது எதிரணியின் மிகச் சிறந்த தடுப்பாளர் ஒருவரிடம்தான் போக முடிந்தது. சாமுக்கு ஓடிவந்து எழும்ப இடம் கிடைத்தது. நின்ற இடத்தில் மல்லுக்கட்டும்போது அவர் தோற்கலாம். நாலு எட்டு ஓடி எழும்பினால் அவரை நிறுத்துவது யாராலும் சுலபமில்லை. அதற்குப் பந்தை உதைப்பவரும் பொறுப்பு: தலைக்கு நேரே தொங்கவிடாமல், ஓட்டத்துக்கு முன்னால் போட வேண்டும். அணித் தலைவர் பொன்டெம்பெலி போடும்போது ஒரு மாதிரியும், அவசரத்தில் மற்றவர்கள் போடும்போது வேறு மாதிரியும் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். நமது முதன்மை ரக் வீரர் ரிம் இங்கிலிஷ் மூச்சு வாங்கும் நேரங்களில் சாம் நடுவில் போய் ரக்கும் ஆடினார். இது தேவையா, இளம் உடம்பைத் தேய்த்துவிடாதா என்று ஜூன் மாதத்தில் பெரும் வாக்குவாதம். நான் இன்றும் தேவை என்ற பக்கம்தான். நடுவில் நின்று உடம்போடு உடம்பு மோதப் பழகியவருக்கு முன்வரிசையில் வரும் இடி புதிதல்ல. பின்வரிசையில் தொடங்கியதையும் அப்படியே பார்க்கிறேன். தடுப்பாளராக நின்றவருக்குப் பந்து காற்றில் எங்கே வளையும் என்பதை முதலில் பார்க்கும் கண் வந்துவிடும். தடுப்பாளர் பந்து வந்த பிறகு ஓட முடியாது, முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்.

பெரியய்யா கடைசியாக நம்மோடு மைதானத்துக்கு வந்தது ஜூன் மாதத்தில், மார்வெல் ஸ்ரேடியத்துக்கு. கூரை மூடியிருந்ததால் குளிரில்லை. கூட்டத்துக்கு மேலே எழும்பி சாம் ஒன்றைப் பிடித்தபோது பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சாம் நின்று நிதானமாக அடிக்கும் வரைக்கும் அவர் விடவில்லை.

பயணங்கள்: கடைசிச் சுற்றில் ஜிடபிள்யூஎஸ்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பலரட் போனோம். பதிவு செய்த மினிபஸ் வராததால் சொந்தக் கார்களில் போக வேண்டியதாயிற்று. கார் தந்தவர்களுக்கு நன்றி. நம் அணி வென்று இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. அங்கே காற்று பந்தை இழுத்த இழுப்பைப் பார்த்த பிறகு, கூரையின் கீழ் பிடிப்பதும் வெளியில் பிடிப்பதும் இரண்டு வேறு கலைகள் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

பிள்ளைகளின் பயிற்சி: ராணிற்றில் ஞாயிறு காலைகளில் நடத்திய பயிற்சிக்கு இந்த ஆண்டு பெண்பிள்ளைகளே கூடுதலாக வந்தார்கள். இங்கே ஒரு தவறை நான் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் பெரியவர்களின் முழு அளவுத் தோல் பந்தை இறுக்கமாகக் காற்றடித்துக் கொண்டுபோனேன். ஒரு பிள்ளையின் விரல் மடங்கி வீங்கிவிட்டது. தாயிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அதன் பின் வயதுக்கேற்ற சிறிய, மெத்தென்ற பந்துகளை வாங்கினோம். வலைப்பந்து ஆடிய அக்கா பயிற்சியைப் பொறுப்பெடுத்தார். முதல் நாள் பந்தே கொடுக்கவில்லை. பிள்ளைகளைச் சோடி சோடியாக நிற்க வைத்து, ஒருவர் தோளால் மெல்லத் தள்ள மற்றவர் கால் நகராமல் கையை உயர்த்தப் பழக்கினார். இரண்டாம் வாரம்தான் பந்து. விரல் வீங்கிய பிள்ளை ஓகஸ்ற் மாதத்தில் தன்னைவிட உயரமான இரண்டு பேருக்கு முன்னால் போய் ஒன்றைப் பிடித்தாள். கையை மடக்கவில்லை.

இறுதிச் சுற்றில் ஹோதோர்னிடம் தோற்ற பின் நடந்த செப்ரெம்பர் கூட்டத்தில், சாம் பெரிய ஆட்டத்துக்கு இன்னும் தயாரில்லை என்று சிலர் பேசினார்கள். 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனத்துக்கு முன்னால், ஓர் அணியே தடுமாறிய இரவில், 21 வயதுப் பெடியன் ஒருவர் தலையில் அதைச் சுமத்துவதை நான் அன்றும் எதிர்த்தேன், இன்று இந்த அறிக்கையிலும் எதிர்க்கிறேன். உபதலைவர் அண்ணை அன்று குறிப்பேட்டைத் திறந்து ஏப்ரல் பக்கத்தையும் ஓகஸ்ற் பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஏப்ரலில் கேள்வியைத் தொடங்கியவரே அவர் என்பதால் மண்டபத்தில் அதன் பிறகு மறுபேச்சு எழவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் வடையும் தேநீரும் கொண்டுவந்த குடும்பங்கள், மண்டபத்தைத் திறந்து பூட்டிய தம்பிமார், ஆட்டத்துக்கு வர முடியாத முதியவர்களுக்குத் தொலைபேசியில் நேர்முக வர்ணனை சொன்ன இளைஞர் அணி.

வரும் ஆண்டுக்கான முன்மொழிவுகள் இரண்டு. ஒன்று, பிள்ளைகளின் பயிற்சியை ஹொப்பேர்ஸ் குறொசிங்கிலும் தொடங்குவது. இரண்டு, மார்வெல் ஸ்ரேடியத்தில் பெரியய்யாவின் இருக்கையைக் குடும்பத்தார் சங்கத்துக்கே விட்டுத்தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பயிற்சிக்கு வரும் பிள்ளை ஒருவரை அந்த இருக்கையில் உட்கார வைத்து, குறிப்பேட்டை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க நிர்வாகசபை பரிந்துரைக்கிறது. முதல் ஆட்டத்துக்கு விரல் வீங்கிய பிள்ளையின் பெயரை நான் முன்மொழிகிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்