நடுநிசிக் காவலில் இருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

பூம்பாறையிலிருந்து அப்பா எழுதுவது. பூண்டு எடுத்தாகிவிட்டது; விலையைப் பற்றி அம்மா சொல்லுவாள். நீ பேசி இருபத்தாறு நாள் ஆகிறது. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், அதனால் இதைக் குறையாக எழுதவில்லை.

கடைசியாகப் பேசியபோது, உன் காவல் நேரத்தில் வானத்தில் ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றதாகவும், கேப்டன் கேலி செய்ததால் லாக் புக்கில் எழுதாமல் விட்டதாகவும் சொன்னாய். நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1881 ஜூலை 11 அன்று விடியற்காலை நான்கு மணிக்கு, அதாவது உன் காவல் முடிகிற அதே நேரத்தில், ஆஸ்திரேலியக் கடலில் சென்ற ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் பதின்மூன்று பேர் விசித்திரமான சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார்கள்; உடன் வந்த டூர்மலின், கிளியோபாட்ரா ஆகிய கப்பல்களும் சமிக்ஞை அனுப்பி, நீங்களும் பார்த்தீர்களா என்று விசாரித்தன. அமெரிக்க உளவுத்துறை 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், வானத்தில் கண்ட இனம் தெரியாத பொருட்களைப் பற்றிப் பெரும்பாலும் கடற்படையினர் கொடுத்த 144 தகவல்களில் ஒன்றுக்குத்தான் உறுதியாகக் காரணம் சொல்ல முடிந்தது. அது காற்றிறங்கிய பலூன். அமெரிக்கக் கடற்படையினர் எடுத்த ஒரு வீடியோவில் பச்சை முக்கோணங்களாகப் பதிந்தவை ஆளில்லா விமானங்கள் என்றும், இரவுக்காட்சிக் கருவியின் வழியே கேமராவில் எடுத்ததால்தான் அந்த வடிவம் வந்தது என்றும் 2022 மே மாதம் அந்தக் கடற்படையின் அதிகாரி ஒருவர் விளக்கினார். முக்கோணம் கேமராவின் கோளாறாக இருக்கலாம், ஆனால் வானத்தில் ஏதோ இருந்தது. அதனால் பார்த்ததை எழுது. நேரம், திசை, எத்தனை பாகை உயரம் என்று எழுது. அது இன்னதென்று பெயர் மட்டும் வைக்காதே.

நம் ஊரிலிருந்து கப்பலுக்குப் போன முதல் பெண் நீ என்று நேற்றுகூடப் பஸ்ஸில் ஒருவரிடம் சொன்னேன். அப்படிப்பட்டவள் ஒருவர் சிரித்ததற்காகப் பேனாவை மூடி வைக்கலாமா? சரியாகத் தூங்குகிறாயா?

இதைக் கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆறாம் வகுப்பில் நீ படித்தபோது, மாசி மாதத்து இரவில், எதிர்மலையில் சிவப்பு விளக்குகள் வரிசையாக ஏறிப்போகின்றன என்று ஓடி வந்தாய். பெரியப்பா வீட்டார் முன்னிலையில், பொய் சொல்கிறாய் என்று உன்னை முட்டிபோட வைத்தேன். மூன்றாம் நாள் மன்னவனூர் போகும்போது, அந்தச் சரிவில் அடியிலிருந்து உச்சிவரை புல் கருகிக் கிடந்ததைக் கண்டேன். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பதினேழு வருடமாகச் சொல்லவில்லை. இனி எதைப் பார்த்தாலும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ அன்றே முடிவு செய்திருந்தால், அதற்கு நான்தான் காரணம்.

லாக் புக்கில் எழுது. நேரத்தையும் திசையையும் விடாதே. அந்த வெளிச்சம் எத்தனை நிமிடம் நின்றது என்று எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா