செருப்பைக் கழற்றினால் காலும் வரும்

மெல்போர்ன்
செப்டம்பர் மாதக் கடைசி

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணனின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். "அங்கே பொழுது எப்படித்தான் போகுது?" என்று போனில் நீங்கள் கேட்டபோது மழுப்பிவிட்டேன். ஸ்பீக்கரில் அண்ணன் இருந்தார். அறுபது தாண்டியவள் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் வரைகிறாள் என்று தெரிந்தால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், பொம்மை வேலைதான். புதிதாகச் செய்வதில்லை. யாரோ விளையாடித் தள்ளிவிட்ட பொம்மையின் முகத்தை அழித்துவிட்டு வேறு முகம் வரைகிறேன்.

இங்கே கடைத்தெருவுக்குக் கடைத்தெரு ஆப் ஷாப் என்று ஒன்று இருக்கும். வீட்டில் வேண்டாம் என்று ஜனங்கள் கொடுக்கும் துணி, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் விற்று, வரும் காசை தர்மகாரியத்துக்குச் செலவிடுகிறார்கள். பெரிய காரில் வந்து இறங்குகிறவர்களும் அங்கே சட்டை தேடுவார்கள், கூச்சமே கிடையாது. அடுத்தவர் கழித்ததை வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று எனக்குத்தான் முதலில் மனசு ஒப்பவில்லை. இப்போது போகாத வாரமில்லை.

அங்கே ஒரு கூடையில் பிராட்ஸ் பொம்மைகள் கிடக்கும். 2001-இல் வந்த அமெரிக்கப் பொம்மை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே உயரம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, வீங்கிய உதடு, பாதி மூடிய கண், இமை முழுக்கச் சாயம். முகூர்த்தத்துக்கு முன்னால் பியூட்டி பார்லர்காரியிடம் வசமாக மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். எங்களுக்குத் தெற்கே கடல் தாண்டி டாஸ்மேனியா தீவு இருக்கிறதல்லவா, அங்கே சோனியா சிங் என்பவர் இந்தப் பொம்மைகளின் சாயத்தை அழித்து, தோட்டத்தில் ஓடி விளையாடும் சிறுமிகளாக மாற்றினார். அவருடைய அம்மாதான் அதற்கெல்லாம் குட்டி ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். 2015-இல் அந்தப் படங்கள் உலகமெங்கும் பரவின. மருமகள் எனக்கு அந்த வீடியோவைக் காட்டினாள். அம்மாவும் மகளுமாக வேலை செய்வதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது.

முதல் வேலை, நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது. தலை மெத்தென்ற வினைல், அதற்கு ஒன்றும் ஆகாது. உடம்பு கெட்டி பிளாஸ்டிக், பட்டால் இளகிவிடும். அதனால் தலையைச் சுடுநீரில் காட்டி இளக்கிக் கழற்றிவிட்டே ஆரம்பிப்பேன். விடாப்பிடியான கறைக்கு யூகலிப்டஸ் தைலம். நம் ஊட்டித் தைலம்தான். அந்த மரமே இந்தப் பக்கத்திலிருந்துதான் நீலகிரிக்குப் போயிருக்கிறது, அண்ணி. எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஓங்கி நிற்கிறது.

சாயம் போனதும் அடியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் மூக்கும் கன்னமும் வெளியே வரும். எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். உடனே பென்சிலை எடுக்கத் தோன்றாது. இவள் யாராக இருப்பாள் என்று யோசித்தபடி ஜன்னலோரம் வைத்துவிட்டு ரசம் வைக்கப் போய்விடுவேன்.

வழவழ வினைலில் பென்சில் பிடிக்காது. ஜப்பானிலிருந்து வரும் மிஸ்டர் சூப்பர் கிளியர் என்ற ஸ்ப்ரே அடித்தால் சொரசொரப்பாகி, கலர் பென்சிலும் கலர் சாக்பீஸ் தூளும் ஒட்டும். நெடி பொல்லாதது. ஃபில்டர் வைத்த முகமூடி போட்டுக்கொண்டு வெளியே நின்றுதான் அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் முகம் வெளுத்துப் பூத்துவிடும். இந்த ஊரில் ஒரே நாளில் நாலு பருவமும் வந்து போகும் என்பதால், காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வானிலையைப் பார்க்கிறேன்.

ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். நான் கண்ணில்தான் தொடங்குகிறேன். பார்வை அமையாவிட்டால் மற்றதெல்லாம் வீண் வேலை. கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் பொம்மை எதையோ பார்த்துப் பயந்ததுபோல முழிக்கும். மேல் விளிம்பு கொஞ்சம் இமைக்குள் மறைய வேண்டும். இரண்டு கண்ணும் சமமா என்று நேரில் பார்த்தால் தெரியாது. கண்ணாடியில் காட்டினால் கோணல் உடனே தெரிந்துவிடும்.

பெரிய வேடிக்கை கால்தான். இந்தப் பொம்மைக்குப் பாதமே கிடையாது! ஹை ஹீல்ஸைக் கழற்றினால் கணுக்காலோடு சேர்ந்து வந்துவிடும். அதனால் பாலிமர் களிமண்ணில் பாதம் பிடித்து, 110 முதல் 130 டிகிரிக்குள் ஓவனில் சுட வேண்டும். சமையல் ஓவனில் களிமண்ணை வைக்க மருமகள் சம்மதிக்கவில்லை. நியாயம்தான். ஆப் ஷாப்பிலேயே ஒரு குட்டி ஓவன் கிடைத்தது. பேத்தி எல்லாப் பொம்மைக்கும் மழைக்காலப் பூட்ஸ்தான் வேண்டும் என்கிறாள். கொலுசு போடலாமே என்றால் சேறு ஒட்டுமாம்.

வாரம் ஒருநாள் நெய்பர்ஹுட் ஹவுஸுக்குப் போகிறேன். இந்தப் பேட்டைக்காரர்களுக்கான சமூகக்கூடம் அது. ஒரு கிரேக்கப் பாட்டி, ஒரு வியட்நாம்காரர் என்று ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு கைவேலையோடு வருவார்கள். மகள் வயதுள்ளவர்களும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்புறம் பழகிவிட்டது. சும்மா எதிரெதிரே உட்கார்ந்தால் என் இங்கிலீஷ் திக்கும். கையில் ஊசியோ தூரிகையோ இருந்தால் தானாக வருகிறது.

இப்போது உங்கள் உதவி வேண்டும். மாநிறப் பொம்மை ஒன்றுக்கு ரெட்டைச் சடை பின்னி, பொட்டு வைத்திருக்கிறேன். நவராத்திரிக்கு அவள் கொலுவில் ஏற வேண்டும் என்பது என் கட்சி. பிராட்ஸ் பொம்மை கொலுவிலா என்று மகன் சிரிக்கிறான். எப்படியும் அவளுக்குப் பாவாடை சட்டை வேண்டும். இங்கே கிடைக்கும் துணியில் பூ ஒவ்வொன்றும் அவள் தலையளவு இருக்கிறது. உங்கள் பழைய சுங்குடிப் புடவை கிழிந்தது இருந்தால், புள்ளி பொடியாக உள்ள பக்கமாகக் கொஞ்சம் வெட்டி அனுப்புங்கள். பார்சலில் விதை, மரச்சாமான் எதையும் வைத்துவிடாதீர்கள். இங்கே பிரித்துப் பார்ப்பார்கள்.

ஒரு சந்தேகம். இவ்வளவு சின்ன இடுப்புக்குக் கொசுவம் வைத்தால் துணி தடித்து நிற்கிறது. சுருக்கு வைத்துத் தைப்பதா, இல்லை வட்டமாக வெட்டிவிடுவதா? அளவுக்கு ஒரு நூலை இந்தக் காகிதத்தின் அடியில் ஒட்டியிருக்கிறேன். முதல் முடிச்சு வரை இடுப்புச் சுற்றளவு, அதற்கப்புறம் கணுக்கால் வரை உயரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்